மூன்றாம் பிறந்தநாளுக்கு முன்பே

ஐயா,

அமெரிக்காவில் வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைக்கு வீட்டுக்கே வந்து தரும் ஆரம்பகாலப் பயிற்சி, பொதுவாக மூன்றாம் பிறந்தநாளோடு நின்றுவிடும். அதன்பின் பொறுப்பு, அப்பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டத்துடையது. ஆனால் பயிற்சி பெறும் பழைய தகுதி தானாகத் தொடராது. பள்ளிச் சேவைக்கு மாறுவதைப் பெற்றோருடன் திட்டமிடும் மாறுதல் கூட்டம் அந்தப் பிறந்தநாளுக்கு 90 நாள் முன்பாவது நடக்க வேண்டும்; எல்லோரும் ஒப்பினால் 9 மாதம் முன்பே நடத்தலாம். குழந்தைக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் எதுவும் நகராது. அந்தத் தாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் கிடைக்கும் முடிவு பிழையாகலாம். இயன்றவரை தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்பது சட்டம்; தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்பது குழந்தைக்கெனப் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில் எண்ணாகவே இருக்கட்டும். "தேவைக்கேற்ப" என்றிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருவர்