கிட்டார் வகுப்புகளில் வரலாற்றுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர் என மதுரையின் பல பகுதிகளிலும் பிள்ளைகள் கிட்டார் வகுப்புகளில் ஆர்வத்துடன் சேர்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காகக் கிட்டார் பயின்றுவரும் நான், அங்கே கார்டுகளும் (chords, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பவை) திரைப்பாடல்களும் சொல்லித்தரப்படும் அளவுக்கு அக்கருவியின் வரலாறு பேசப்படுவதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

வரலாறு கைப்பயிற்சிக்கே உதவும். இடது கை விரல்நுனிகள் சிவந்து எரியும் தொடக்க நாட்களிலேயே பிள்ளைகள் பலர் கிட்டாரைக் கைவிடுகிறார்கள். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உடலமைப்பை வகுத்தவர் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). அவர் காலத்தில் விலங்குக் குடலைத் திரித்துச் செய்த நரம்புகள் கட்டப்பட்டன. 1940களில்தான் அவற்றின் இடத்துக்கு நைலான் வந்தது. இதை அறிந்த ஆசிரியர், விரல் நோகும் பிள்ளைக்கு எஃகுத் தந்திக்குப் பதிலாக நைலான் தந்தி பூட்டிய கிட்டாரைப் பரிந்துரைப்பார்.

என் கிட்டாரின் தந்தி நீளம் 650 மி.மீ. பன்னிரண்டாம் ஃபிரெட் (விரலால் தந்தியை அழுத்தும் இடத்தைக் குறிக்கும் உலோகக் கட்டை) அதன் சரிபாதியில், அதாவது 325 மி.மீ.-இல் அமைந்து, மேல் ஸ்தாயி சட்ஜத்தை (மேல் ‘ஸ’) தருகிறது. தந்தியின் மூன்றில் இரண்டு பங்கான 433.3 மி.மீ. ஒலித்தால் சுத்தமான பஞ்சமம் (‘ப’) கிடைக்கும். ஆனால், அந்தப் பஞ்சமத்துக்குரிய ஏழாம் ஃபிரெட் கணக்குப்படி 433.8 மி.மீ. தந்தியை ஒலிக்க விடுகிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கும் மேற்கத்திய முறையே இந்த அரை மில்லிமீட்டருக்குக் காரணம். நம் வீணையிலோ ஃபிரெட்டுகளைப் போன்ற 24 மெட்டுகளையும் செவியால் கேட்டுக் கேட்டு மெழுகில் பதிக்கிறார்கள். இந்த வேறுபாடு புரிந்தபின், தந்தியை ஒதுக்கி இழுத்துக் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைப்பது) பிடிக்க நான் செய்யும் பயிற்சியில் விரலுக்கு முன்பே காது விழித்துக்கொள்கிறது. சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதையும் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்.

பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, கிளாசிக்கல் கிட்டாரை முறையாகப் பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வும் எழுதியவர். அவர் பாடல்களின் கிட்டார்ப் பகுதிகளை வாசிக்கத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்கு, அந்தக் கல்வியின் பின்புலத்தையும் சொல்லித்தருவதுதானே முறை? ‘எந்தத் தேர்வுக்கு அனுப்புவீர்கள்?’ என்று மட்டும் கேட்கும் பெற்றோர், இதையும் கேட்க வேண்டும்.

வகுப்பு நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கூடுதல் கட்டணம் தேவைப்படாது. மதுரை அரசு இசைக் கல்லூரி, கிட்டார் பயிலும் பிள்ளைகள் வீணை வகுப்பில் ஒரு நாள் அமர்ந்து மெட்டுகளைத் தொட்டுப் பார்க்க அனுமதி வழங்கினால் பேருதவியாக இருக்கும். கல்லூரி நிர்வாகம் இதைப் பரிசீலிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
திருநகர், மதுரை.