பலகை வரைபடத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

வில்லியனூரில் எங்கள் கோடை வகுப்புக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு பகுதிகளாகத் தனித்தனியே கிடக்கும் நம் புதுவை மாநிலத்தின் வரைபடத்தைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் பழக்கலாம் என்று தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஓர் அட்டைப் படம் மட்டும்தான். அதைத் துண்டு துண்டாக வெட்டினோம். இரண்டே நாளில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. அப்புறம்தான் ஆசாரி அண்ணனிடம் போனேன்.

நம் புதுவை எல்லையை அறுத்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி நம்முடையது, வளவனூர் வந்தால் திரும்பவும் தமிழ்நாடு. அத்தனை வளைவையும் அண்ணன் மிச்சப் பிளைவுட்டில் பொறுமையாக அறுத்து, பிள்ளைகள் கையில் சிலாம்பு ஏறக் கூடாது என்று ஒவ்வொரு துண்டையும் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். கூலியை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை. அண்ணே, அந்தத் துண்டுகளைத் தொடும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போன அன்று, எல்லை வரும் இடமெல்லாம் “இப்போ தமிழ்நாடு”, “இப்போ பாண்டி” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்த நடத்துநருக்கும் நன்றி.

கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பதுதான் எங்கள் அளவை. 9 சதுர கிலோமீட்டர் மாஹே, பிஸ்கட் அளவுத் துண்டாக வந்தது. அதே அளவையில் தரையில் வைத்தால், புதுச்சேரித் துண்டிலிருந்து காரைக்கால் தெற்கே ஒரு மீட்டருக்குச் சற்று மேல், மாஹே மேற்கே நாலரை மீட்டருக்கு மேல், ஏனாம் வடகிழக்கே ஏறக்குறைய ஆறு மீட்டர். இதற்கு வகுப்பறை போதுமா? தன் வீட்டு முற்றத்தையே விட்டுக்கொடுத்தார் எதிர்வீட்டு அம்மா. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அவர்களுக்குத் திசை சொல்லிக் கொடுத்தவர் வீராம்பட்டினத்து மீனவப் பெரியவர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல் என்று முகத்தில் படும் காற்றை வைத்தே பழக்கினார். நான் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்ட திசைக்குறி செய்யாததை அந்த ஒரு மாலை செய்தது.

“கேரளாவுக்குள்ள இருக்கிற மாஹே எப்படி சார் நம்ம ஊரு?” என்று ஒரு பையன் கேட்டான். பிரெஞ்சு ஆட்சியில் சிறுபிள்ளையாக இருந்த தாத்தா ஒருவர், பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த இந்த நான்கு பகுதிகளின் நிர்வாகமும் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் கைமாறியதையும், 1962 ஆகஸ்ட் 16இல்தான் அது சட்டப்படி நிறைவேறியதையும் கதையாகவே சொன்னார். ஐயா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

மாஹே துண்டு இரண்டு முறை தொலைந்து கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டு, நான்கு அறை வைத்த துணிப்பை தைத்துக் கொடுத்த தையற்கடை அக்காவுக்கும் நன்றி. துண்டுகள் இப்போது அதில்தான் இருக்கின்றன. பக்கத்து ஊர் வகுப்புகளுக்கு வேண்டுமென்றால் தாராளமாக வாங்கிப் போகலாம்.

அன்புடன்,
கோடை வகுப்பு ஆசிரியர், வில்லியனூர்