குற்றவாளியா என்று கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம் தாருங்கள்

கொழும்பு நீதவான் நீதிமன்றங்களில் தோன்றும் சட்டத்தரணிகளுக்கும், அந்நீதிமன்றங்களின் நிருவாகத்துக்குப் பொறுப்பான மேலிடத்தாருக்கும்,

மதிப்புக்குரியோரே,

பொது இடத்தில் இழிவாக நடந்துகொண்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 68 ஆவது வயதில் வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி, சில நிமிடங்களில் தண்டிக்கப்பட்டு இறங்கிய ஒருவரின் மகள் நான். இந்த மடலை எழுத எனக்கு மூன்று மாதம் எடுத்தது. களவு, கைகலப்பு என்றால் வீட்டுக்குள்ளாவது வாய்விட்டுப் பேசியிருப்போம். இந்தக் குற்றச்சாட்டின் பெயரை அம்மாவும் நானும் இன்றுவரை ஒருவருக்கொருவர் உச்சரித்ததில்லை. உங்கள் நீதிமன்றங்களில் காலை வேளைகளில் சிறு வழக்குகள் எவ்வளவு விரைவாகத் தீர்க்கப்படுகின்றன என்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். ஆகவே அதை விவரிக்காமல், அப்பாவுக்கு அந்தக் காலையில் என்ன நடந்தது என்பதையும், எங்கள் கோரிக்கை என்ன என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு பிடவைக்கடையில் 31 ஆண்டுகள் கணக்கெழுதியவர். நீரிழிவும் புரொஸ்டேட் வீக்கமும் உள்ளவர். சிறுநீரை அடக்க முடியாதபடி திடீரென்று அவசரம் வரும் என்பது அவருடைய கிளினிக் கொப்பியில் மருத்துவரின் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அன்றிரவு எட்டரை மணிபோல் பழைய முதலாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், வழக்கமாகப் போகும் மலசலகூடம் பூட்டியிருந்ததால், நிறுத்தியிருந்த லொறி ஒன்றின் பின்னால் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். பிள்ளையுடன் அந்த வழியால் வந்த ஒரு பெண் கண்டு சத்தமிட்டார். அந்தப் பெண்ணை நான் ஒரு சொல்லும் குறை சொல்லமாட்டேன். இருட்டில் லொறிக்குப் பின்னால் ஓர் ஆணை அந்த நிலையில் கண்டால் நானும் சத்தமிட்டிருப்பேன். அப்பா அவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பொலிஸார் வந்துவிட்டார்கள். இரவு நிலையத்தில் கழிந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் தமிழில் கையெழுத்திட்டார். மறுநாள் நண்பகலுக்குப் பிறகே எங்களுக்குத் தகவல் கிடைத்தது; அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

கூண்டில் நடந்ததை அப்பா எனக்கு ஒரே ஒருமுறை சொன்னார். அதையே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நீதிமன்றத்துக்குள் அழைப்பதற்கு முன், தாழ்வாரத்தில் நின்ற யாரோ ஒருவர், 'பெரியவர், பிழை என்று சொல்லிவிடுங்கள், நூறு ரூபாவோடு முடிந்துவிடும், இல்லாவிட்டால் தவணை தவணையாக அலைய வேண்டும்' என்று சொல்லியிருக்கிறார். அவர் சட்டத்தரணியா, தரகரா என்பது அப்பாவுக்குத் தெரியாது. குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் அந்த வேளை அங்கே இல்லை. அப்பாவிடம், சிங்களம் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றார். அது பொய்யல்ல. சிங்களத்தில் துணி அளப்பார், விலை பேசுவார், கடன் கேட்டு வருபவரைச் சமாளிப்பார். ஆனால் குற்றச்சாட்டில் இருந்த, இழிவான என்று பொருள்படும் 'அசோபன' என்ற சொல்லை அவர் அதுவரை கேட்டதில்லை. சோபனம் என்றால் நமக்கு மங்கலம். அதனோடு ஏதோ தொடர்புள்ள சொல் என்று நினைத்தாராம். பிறகு, குற்றவாளியா, குற்றமற்றவரா என்ற பொருளில் 'வெரதிகருத, நிவெரதிகருத' என்று கேட்டார்கள். கடைக் கணக்கில் 'வெரதி' என்றால் பிழை. தெருவில் சிறுநீர் கழித்தது பிழைதானே என்று எண்ணி, 'வெரதி தமய், இவசன்ன பெரி வுணா' என்றார். பிழைதான், தாங்க முடியாமல் போய்விட்டது என்பது அதன் பொருள்.

அந்தப் பதிலின் முதற்பாதி குற்ற ஒப்புதலாகப் பதிவாயிற்று. மற்றப் பாதி எங்கும் பதியப்படவில்லை.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 183 ஆம் பிரிவு, நிபந்தனையற்ற ஒப்புதலையே ஒப்புதலாகக் கொள்கிறது. அதையும் கூடியவரை எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், சொன்ன சொற்களிலேயே பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. தாங்க முடியவில்லை என்ற சொற்களோடு வந்த ஒப்புதல் நிபந்தனையற்றதா என்று கேட்க அங்கே ஒருவர் இருந்திருந்தால் போதும். தண்டனை விதிக்கப்படும்வரை நீதவானின் அனுமதியோடு ஒப்புதலை மீளப் பெறலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதையெல்லாம் நான் தேடிப் படித்து அறிந்தது, அப்பா தண்டப்பணத்தின் பற்றுச்சீட்டோடு வீடு வந்து பல வாரங்களுக்குப் பிறகு.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: சட்டத்தரணி இல்லாமல் கூண்டில் நிற்கும் தமிழ் பேசும் ஒருவரிடம் குற்றவாளியா என்று கேட்பதற்கு முன், தமிழ் தெரிந்த ஒரு சட்டத்தரணி அவரோடு ஐந்து நிமிடம் தனியே பேச வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவுக்கு நிறையச் சொல்லியிருக்கலாம். அவர்மீது சாட்டப்பட்டது 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு; ஆறு மாதம் வரை மறியலோ 100 ரூபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பிரிவு சாதாரண அநாகரிகத்தைப் பேசவில்லை, பாரதூரமான இழிநடத்தையைப் பேசுகிறது. இருட்டில், லொறியின் மறைவில், சுவரைப் பார்த்து நின்று இயற்கை உபாதையைத் தீர்த்த ஒரு நோயாளியின் செயல் அந்த அளவுக்கு வருமா என்று வாதிட இடமிருந்தது. கிளினிக் கொப்பியைக் காட்டி, எவரும் காண வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதிர்ப்புறக் கடையில் கமரா இருந்தது. பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் முன் அதைப் பாதுகாக்கும்படி கேட்டிருக்கலாம். பொலிஸாரிடம் கையெழுத்து வைத்துவிட்டோம், இனி மறுக்க முடியாது என்று அப்பா நம்பியிருந்தார். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு என்று அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் நிரூபணமானாலும்கூட குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு இருந்தது. எதிரியின் நன்னடத்தை, வயது, உடல்நலம், மனநிலை, செயலின் அற்பத்தன்மை ஆகியவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே அவரை விடுவிக்க அது நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அப்பாவுக்கு 68 வயது, இரண்டு நோய், முன்பு ஒரு வழக்கும் இல்லை. அந்தப் பிரிவின் பெயரை எடுக்க அங்கே ஒரு வாய் இருக்கவில்லை. நூறு ரூபாவை எங்களால் கட்ட முடியும். குற்றவாளி என்ற பதிவை எதைக் கொண்டு கட்டுவது? கனடாவில் இருக்கும் தம்பியிடம் போக விசாப் படிவம் நிரப்பினோம். எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்ற கேள்வி வந்ததும் அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார். தானே ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வழி எவ்வளவு ஒடுங்கிவிடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் முன் வேண்டுமென்றே ஆடை விலக்கும் ஆண்களுக்காக நான் வாதாடவில்லை. பாடசாலைக் காலத்தில் பஸ்ஸில் அப்படி ஒருவனைக் கண்டு, இரண்டு தரிப்பிடம் முன்னதாக இறங்கி அழுதுகொண்டு நடந்தவள் நான். பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டு வரை மறியல் விதிக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 இல் வந்தது. அது முறையாகப் பயன்பட வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன். ஆனால் அப்படிப்பட்டவனையும் அப்பாவையும், மறதிநோயால் ஆடை நழுவுவதே தெரியாமல் தெருவுக்கு வந்துவிடும் ஒரு முதியவரையும், வேறொருவர் என்று தவறாக எண்ணிப் பிடிக்கப்பட்ட ஓர் இளைஞனையும் ஒரே காலையில் ஒரே கேள்வி கேட்டு ஒரே வேகத்தில் அனுப்புவது எவருக்கும் நீதியாகாது. முதியவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு பொருந்தக்கூடும். செயலின் தன்மையை அறிய இயலாத சித்தசுவாதீனமின்மையை அது பேசுகிறது. அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும், அறிக்கைக்குத் தவணை வேண்டும், தவணை கேட்க ஆள் வேண்டும். இளைஞனுக்கு, பலரை நிறுத்திச் சாட்சியை ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். மனநோயின் உந்துதலால் திரும்பத் திரும்ப இதைச் செய்பவருக்கு 77 ஆம் பிரிவு கிடைக்காமல் போகலாம்; ஆனாலும் சிகிச்சைக்கு உட்படுத்தும் நிபந்தனையோடு விடுவிக்கும்படி கேட்க வழியுண்டு, அது அவரால் அச்சமடைந்த பெண்களுக்கும் நூறு ரூபாத் தண்டத்தைவிடக் கூடிய பாதுகாப்பு.

தமிழ் நீதிமன்ற மொழி என்பது எவரும் எங்களுக்கு இடும் பிச்சை அல்ல. நீதிமன்றத்தில் பயன்படும் மொழியை அறியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரித்து அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. சட்டத்தரணி மூலம் கேட்கப்படும் உரிமை 13 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இல்லையே என்பதையும் எனக்கு உதவி இலவசமாகக் கிடைக்குமா என்பதையும் தமிழில் கேட்கத் தெரியாமல் அல்ல, கேட்கலாம் என்று தெரியாமலே எங்கள் பெரியவர்கள் தலையசைக்கிறார்கள். சட்ட உதவிக்கென்று 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் ஓர் ஆணைக்குழுவும் கொழும்பின் புதுக்கடைப் பகுதியில் இருக்கிறது. இரவில் பிடிபட்டுக் காலையில் கூண்டுக்கு வரும் மனிதன் எந்த நேரத்தில் அதன் கதவைத் தட்டுவான்?

கொழும்பில் பொழுதுபட்ட பிறகு ஒரு முதியவரோ, ஒரு கர்ப்பிணியோ, நீரிழிவு உள்ள எவரோ நம்பிப் போகக்கூடிய மலசலகூடத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறோம். பூட்டிய கதவுக்குப் பொறுப்பானவரை எந்தக் கூண்டிலும் ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இது உங்கள் பொறுப்பல்ல என்பதை அறிவேன். மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் பொறுப்பில் உள்ளதை மீண்டும் பணிவோடு கேட்கிறேன். ஒப்புதல் பதிவாகும் முன் தமிழில் ஐந்து நிமிடம். முறைவைத்து ஒவ்வொரு காலையும் ஒரு சட்டத்தரணி வரட்டும். அது உடனே இயலாவிட்டால், குற்றச்சாட்டின் பொருள், ஒப்புக்கொண்டால் வரும் விளைவு, தவணையும் மொழிபெயர்ப்பும் இலவசச் சட்ட உதவியும் கேட்கலாம் என்ற செய்தி ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தமிழ்த் தாளை, எதிரிகளை அடைத்து வைக்கும் கூட்டின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்ட அனுமதியுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். நான் தமிழ் ஆசிரியை. தாளை எளிய தமிழில் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்; சட்டப் பிழை இல்லாமல் திருத்தித் தர உங்களில் ஒருவர் முன்வந்தால் போதும். சனிக்கிழமைகளில் எங்கு அழைத்தாலும் வருவேன்.

அப்பாவுக்கு இந்த மடலைப் பற்றித் தெரியும். கேட்டபோது, 'அடுத்த ஆளுக்காவது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லட்டும்' என்றார்.

பணிவன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்