சிலையின் படம் கிடைத்தது

அன்புள்ள தம்பி,

தோள் ஆற ஒன்பது மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்ல மனசு வரவில்லை போல. பரவாயில்லை. ஸ்டோக் மைதானத்து வாசலில் எடுத்த, இங்கிலாந்து கோல்கீப்பர் கார்டன் பேங்க்ஸின் சிலைப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தாய். ராத்திரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2008இல் அந்தச் சிலைத் திறப்புக்குப் பெலேயே வந்தார். காரணம் உனக்கே தெரியும்: 1970 உலகக் கோப்பை, மெக்சிகோவின் குவாதலஹாரா, இங்கிலாந்துக்கும் பிரேசிலுக்கும் ஆட்டம். வலது ஓரத்திலிருந்து ஜெயர்சினோ தூக்கிப் போட்ட பந்தைப் பெலே தலையால் தரையைப் பார்த்து இடித்தார். 'கோல்' என்று கத்தியும்விட்டார். கோலின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து பாய்ந்த பேங்க்ஸ், குத்தி எழும்பிய பந்தை வலக்கை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் நீ கோலில் நிற்கும்போதெல்லாம் வலைக்குப் பின்னாலிருந்து உனக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். மீதிக் கதையைச் சொன்னதில்லை.

ஷெஃபீல்டில் பிறந்து, நிலக்கரி மூட்டை கட்டி, கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர் அவர். செஸ்டர்ஃபீல்டு அணியிலிருந்து 7,000 பவுண்டுக்கு லெஸ்டர் அணி வாங்கியது. கோல்கீப்பருக்கென்று தனிக் கோச் இல்லாத காலம். பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் இருந்து, தன் குறைகளைத் தானே சரிசெய்துகொண்டார். 1966இல் உலகக் கோப்பை வென்றார். மறு வருஷமே, ஷில்டன் என்ற பதினேழு வயதுப் பையன் தயாராக இருக்கிறான் என்று லெஸ்டர் அவரை விற்றது. அப்படித்தான் உன் ஊர் ஸ்டோக் அணிக்கு வந்தார். 1972 லீக் கோப்பை அரையிறுதியில், உலகக் கோப்பையில் தன்னோடு சேர்ந்து ஆடிய ஹர்ஸ்ட் அடித்த பெனால்டியைத் தடுத்தார். ஸ்டோக் வென்ற முதல் பெரிய கோப்பை அது.

அதே வருஷம் அக்டோபரில் கார் விபத்து. வலது கண் பார்வை போயிற்று. வயது 34. ஒற்றைக் கண்ணுக்குப் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதே சரியாகப் பிடிபடாது. ஒரு கோல்கீப்பரின் ஆட்டம் முடிய அதைவிட என்ன வேண்டும்? அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார்.

ஆனால் 1977இல், 39 வயதில், அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் அணிக்காக மறுபடி கோலில் நின்றார். அந்தப் பருவத்தில் அந்த லீக்கின் சிறந்த கோல்கீப்பர் அவர்தான். பெலேயின் பந்தைத் தடுத்தவரைவிட எனக்கு இந்த மனிதரைத்தான் பிடிக்கும். இவரை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

உன் தோளுக்குச் சொன்ன பயிற்சியை ஒரு நாளும் விடாதே. குளிரில் கட்டைப் பிரித்துவிட்டுத் திரியாதே. பணம் வேண்டுமென்றால் என்னிடமே கேள், அம்மா மூலமாக வேண்டாம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், சிலையின் கைகளை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா