பனிமலைக்கு அழைத்துச் செல்வோர் பனிச்சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இமாசலப் பிரதேசத்தில் கூட்டம் சேராத சிகரங்களில் ஏறி, உச்சியிலிருந்து பனிச்சறுக்கில் இறங்கும் பயணங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், பனிச்சரிவு என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. நாகர்கோவிலிலிருந்தும் இளைஞர்கள் குழுவாக இப்பயணங்களுக்குப் புறப்படத் தொடங்கியிருப்பதால், ஒருமுறை போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பனிச்சறுக்குப் பலகையின் அடியில், மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்த பட்டையை ஒட்டிக்கொண்டுதான் மேலே ஏறுகிறோம்; முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சறுக்காமல் பிடித்துக்கொள்ளும். உச்சியில் அதை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். சிக்கல் என்னவென்றால், சறுக்குவதற்குச் சுவையான சரிவு எதுவோ, அதாவது ஏறத்தாழ 30 முதல் 45 பாகை வரை சாய்ந்தது, அதில்தான் பனிப்பாளம் பெயர்வதும் மிகுதி. காற்று அள்ளிவந்து மறுபக்கத்தில் குவித்த பனி, அடியிலுள்ள உறுதியற்ற அடுக்கின் மேல் ஒட்டாமல் நிற்கும்போது, ஒரே ஒருவரின் எடை போதும்.

எங்கள் பயணத்தின் மூன்றாம் நாள், காலுக்கடியில் ‘தொம்’ என்றொரு சத்தம் கேட்டது. என் பலகையின் நுனியிலிருந்து தலைமுடி அளவு விரிசல் பக்கவாட்டில் ஓடிற்று. வழிநடத்தியவர் ஒன்றும் சொல்லவில்லை. சுமை தூக்க வந்த உள்ளூர்க்காரர்தான் கையை உயர்த்தி எங்களை வந்த வழியே திருப்பினார். புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஆளுக்கொன்றாக வாடகைக்குத் தந்திருந்த பீக்கன் கருவியை அன்று மாலை கூடாரத்தில் முதன்முறையாக இயக்கிப் பார்த்தேன், பேட்டரி தீர்ந்திருந்தது. எட்டுப் பேருக்கு மண்வாரி இரண்டு. பனியில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால்தான் பிழைக்க வைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அது உடனிருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலையே தவிர, கீழேயிருந்து வரும் மீட்புக் குழுவால் ஆகக்கூடியது அன்று.

ஆள் நடமாட்டமில்லாத சிகரத்தில் அந்த உடனிருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. சரிவுகளைக் கண்காணிக்க ஆட்கள் உள்ள காஷ்மீரின் குல்மார்க்கிலேயே 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தனர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் சிக்கியதோ, உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு. இறந்த 25-க்கும் மேற்பட்டோரில், அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டிலும் மகாலுவிலும் ஏறித் திரும்பிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆலங்கட்டி மழையைத் தவிர வேறு பனியைக் கண்டறியாத நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் முட்டத்தில் பிறந்தவன். என் தகப்பனார் நீவாடும் (கடல் நீரோட்டமும்) காற்றும் பார்க்காமல் கட்டுமரத்தை இறக்கியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டுவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்காகக் காத்திருந்த கரை இது. காலத்தோடு வந்து சேராத எச்சரிக்கையின் விலையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பனிமலைக்கும் எச்சரிக்கை உண்டு. சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு அறிவிப்பை வெளியிடுகிறது. எனினும், குமரிக்கடலுக்கு விடுக்கும் அறிவிப்பை வைத்து முட்டத்துத் துறையில் அலை எப்படி அடிக்கும் என்று சொல்லிவிட முடியாததைப் போல, நாம் நிற்கும் சரிவைப் பற்றி அது சொல்லாது. அதை அங்கேயே பனியைத் தோண்டி, அடுக்குகளைப் பார்த்தறிய வேண்டும். எங்கள் பயணத்தில் ஒருநாளும் யாரும் தோண்டவில்லை.

குரங்கணிக் காட்டுத்தீக்குப் பின் 2018-இல் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. அவை நம் காடுகளுக்கானவை. இங்கே பணம் வாங்கிக்கொண்டு இமயமலைக்கு ஆள் சேர்ப்பவர்களும் வழிகாட்டியின் தகுதி, கருவிகளின் நிலை, குழுவினரின் பட்டியல் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்த பிறகே புறப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும். தாங்களும் அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடுகையில், புறப்படும் முன் பீக்கனை இயக்கிப் பழக அரை நாளாவது ஒதுக்குகிறார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு, அவர் தரும் பதிலையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.