புகைச்சமையல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம். ஆஸ்டின் நகரின் வடபுறத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நமது வட்டத்தின் ஐந்தாம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் குறைவின்றி நடந்தன. ஜனவரியில் பொங்கல் சந்திப்பு நடைபெற்றது. மார்ச்சில் இரண்டு வேன்களில் லாக்ஹார்ட் சென்றோம். டெக்சாஸின் பார்பெக்யூ தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றம் 1999இல் அறிவித்த அந்தச் சிற்றூரில், 1900இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட்டிலும் 1932 முதல் நடந்துவரும் பிளாக்ஸ் கடையிலும் உண்டு திரும்பினோம். மே மாதம் சிறுவர்களுக்குத் தீப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதியில் ஐந்து குடும்பங்கள் டெக்சாஸின் பிரேடி ஊருக்குப் போய், அங்கே 1974 முதல் நடந்துவரும் ஆட்டிறைச்சிச் சமையல் போட்டியைப் பார்த்து வந்தன.

ஜூலை 4 விருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வாங்கிய கறிக்கும் பரிமாறிய கறிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று அன்று மாலையே சிலர் பேசியதும், பிறகு அந்தப் பேச்சு பலர் காதுக்கும் போனதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான்கு முழு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, 56 பவுண்டு வாங்கினோம். மேலே கால் அங்குலம் மட்டும் விட்டு மிச்சக் கொழுப்பையும் கெட்டிச் சவ்வையும் சீவியதில் 11 பவுண்டு கழிந்தது. அடுப்பில் ஏறியது 45 பவுண்டு. பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு வெட்டுப்பலகைக்கு வந்தது 28 பவுண்டு. இது எவருடைய வீட்டுக் குளிர்பெட்டிக்கும் போன கறி அன்று. வாங்கும் நெஞ்சுக்கறியில் பாதியளவு சீவிய கழிவாகவும் நீராகவும் உருகிய கொழுப்பாகவும் போய்விடுவது அதன் இயல்பு. லாக்ஹார்ட் கடைகளில் ஒரு பவுண்டின் விலை நம்மை மலைக்க வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீவிய கொழுப்பைக்கூட நான் வீணாக்கவில்லை. உருக்கி வடிகட்டி, கறியைச் சுற்றும் புட்சர் பேப்பரில் தடவினோம். மீதியைக் கேட்டவர்களுக்குப் பாட்டிலில் கொடுத்தோம். வாங்கும்போதும், சீவிய பிறகும், வெந்த பிறகும் என மூன்று எடைகளும் பதிவேட்டில் என் கையெழுத்துடனும் பொருளாளர் கையெழுத்துடனும் உள்ளன. ஐயம் உள்ளவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

அதே விருந்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் மேசையில் இருந்த கறியை நான் எடுத்துக் கொட்டியதும் சிலருக்கு வருத்தம். 90 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் சமைத்த இறைச்சி வெளியில் இருக்கக்கூடிய நேரம் ஒரு மணிதான். மற்ற நாட்களில் இரண்டு மணி. குழந்தைகளும் முதியவர்களும் உண்ணும் இடத்தில் இதைத் தளர்த்த எனக்கு மனம் வரவில்லை, இனியும் வராது.

இப்போது இரவுக் காவல். மதியம் ஒரு மணிக்கு இலையில் விழும் கறிக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கே தீ மூட்ட வேண்டும். நமது பொது அடுப்பில் விறகு எரியும் பெட்டி ஒரு பக்கமும் கறிக்கூடு மறுபக்கமும் இருப்பதால், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு விறகு என்று ஒருவர் கூடவே இருந்து வைத்தால்தான் கூட்டின் வெப்பம் 250 டிகிரி பாரன்ஹீட்டில் நிற்கும். இதற்காக நான் தொடங்கிய தீப்பதிவேடு, இந்த ஆண்டு வட்டம் செய்த மிக உருப்படியான வேலை என்பது என் கருத்து. நேரம், கூட்டின் வெப்பம், கறியின் உட்சூடு, போட்ட விறகு, புகையின் நிறம், காவலிருந்தவர் பெயர் என்று ஆறு பத்திகள். ஓரங்களில் கொழுப்புக் கறையும் கரிவிரல் தடமும் படிந்த அந்த நோட்டைப் புரட்டினால், இரவு ஒன்பது மணிக்கும் காலை பத்து மணிக்கும் பல கையெழுத்துகளைப் பார்க்கலாம். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரையுள்ள வரிகளில், ஆண்டு முழுவதும் மூன்றே மூன்று கையெழுத்துகள்தாம். அவற்றில் ஒன்று என்னுடையது.

ஆகஸ்ட் சமையலில் நடந்ததைச் சொன்னால், இதை ஏன் எழுதுகிறேன் என்பது புரியும். அன்று அந்த நேரத்துக்குப் பெயர் கொடுத்திருந்த இருவர் வரவில்லை. நல்லெண்ணத்தோடு வந்த புதிய உறுப்பினர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அதிகாலை 3:40க்கு உட்சூடு 158 டிகிரியில் நின்றது. நான்கரை மணிக்கும் 159தான். அடுப்பு அணைகிறது என்று அஞ்சி அவர் நான்கு விறகுகளை ஒருசேரத் திணித்துவிட்டார். உண்மையில் அடுப்பில் பழுதே இல்லை. கறியின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே கறியும் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. அதனால் 150க்கும் 170க்கும் இடையில் முள் மணிக்கணக்கில் அசையாது. பொறுத்திருக்கலாம், மேற்பட்டை கருத்து இறுகியிருந்தால் பேப்பரில் சுற்றியும் தாண்டலாம். அவசரப்பட்டு விறகு போட்டால் காற்றுப் போதாமல் வெண்புகை கிளம்பிக் கறி கசக்கும். அன்று அப்படித்தான் கசந்தது. அந்த உறுப்பினரை நான் குறை சொல்லவில்லை. பக்கத்தில் பழகியவர் ஒருவர் இருந்திருந்தால் அவர் பதறியிருக்க மாட்டார்.

விறகிலும் இந்த ஆண்டு ஏமாந்தோம். நன்றாகக் காய்ந்த போஸ்ட் ஓக் என்று ஒரு வியாபாரி இறக்கிய விறகு உள்ளே ஈரமாக இருந்தது; இரண்டு சமையல்கள் கெட்டன. விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஈர விறகின் புகை கண்ணைக் கரிப்பது நினைவிருக்கும். கறிக்கும் அந்தப் புகை ஆகாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் எழும் மெல்லிய நீலப் புகைதான் வேண்டியது. இப்போது விறகை என் வீட்டுக் கொட்டகையில் ஆறு மாதம் அடுக்கி வைத்த பிறகே எடுக்கிறோம். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமாக ஒலிக்காமல் கணீரென்று ஒலிக்க வேண்டும். நுனியில் கீறல் விட்டிருக்க வேண்டும்.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மில் பாதிக்கு அருகில் இருப்பதால், வெள்ளாட்டு முன்தொடையைப் புகையில் வேகவைக்கும் பணியைச் செயற்குழுவின் ஒப்புதலோடு மேற்கொண்டேன். ஏழு முறை செய்து பார்த்தோம். வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு. நெஞ்சுக்கறியைப் போல முழு நேரமும் திறந்த கூட்டில் விட்டால் நார் நாராய் உலர்ந்துவிடுகிறது. முந்தைய இரவே பவுண்டுக்கு அரைத் தேக்கரண்டி கல்லுப்பைத் தூளாக்கித் தடவி, காலையில் கொரகொரப்பாக உடைத்த மிளகைப் பூசி, 250 டிகிரியில் மூன்று மணி நேரம் புகை காட்டினோம். பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு குவளை எலும்புச்சாறு சேர்த்து மூடிய தட்டில் வைத்து, உட்சூடு 200 டிகிரியை நெருங்கும்வரை விட்டோம். ஆறாம் முறைதான் எலும்பு கையோடு வந்தது. கொல்லிமலை மிளகை ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மூத்த உறுப்பினர் அந்த முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. இந்தக் கறிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, தனித் தட்டு உண்டு. செப்டம்பர் சந்திப்பில் மாட்டிறைச்சி வெட்டிய கத்தியை ஒருவர் இங்கேயும் எடுத்துப் பயன்படுத்தியதால் மூன்று குடும்பங்கள் உண்ணாமல் எழுந்து போயின. இனி அந்தக் கத்திகள் பச்சைப் பிடியுடன் தனிப் பெட்டியில் இருக்கும். அவற்றைத் தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, கையிருப்பு சிறிது உள்ளது. பெரிய கடன் எதுவும் இல்லை. இறைச்சி, விறகு, கரி, இரண்டு ஊசி வெப்பமானிகள், சாம்பல் கொட்டும் மூடியிட்ட இரும்புத் தொட்டி ஆகியவையே முக்கியச் செலவுகள். விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். ஆனால் 31 குடும்பங்களில் 60 டாலர் ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியவை 19 மட்டுமே. மீதியுள்ளவர்களில் பலர் ஒரு விருந்தையும் தவறவிடவில்லை என்பதை மன வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். விறகுக்கு இருமுறை என் கையிலிருந்து கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை, கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

தலைவர், பொருளாளர், இடமளித்த குடும்பங்கள், புகையைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டார் அனைவருக்கும் நன்றி. இரவு மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்த இரண்டு வீட்டாருக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

வரும் ஆண்டில் ஆறு சமையல்களுக்குத் திட்டமிட்டிருக்கிறோம். செயலாளர் பொறுப்பில் தொடரும்படி செயற்குழு கேட்டுள்ளது. என் முடிவைப் பொங்கல் வரை தள்ளி வைத்திருக்கிறேன். பிப்ரவரிச் சமையலுக்கான இரவுக் காவல் பட்டியல் இன்று கூடத்தின் வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளது. ஒன்பது முதல் இரண்டு வரையிலான இடங்கள் நிரம்பிவிட்டன. இரண்டு முதல் ஐந்து வரை இரண்டு வரிகள் காலியாக இருக்கின்றன; பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்