கூரையில வெயில், குழாயில தண்ணி இல்லை

அன்பு மச்சான்,

நாலு மாசமா எழுதேல்லை, கோவிக்காத. அம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியே இருக்கு, மற்றாக்கள் சுகம். உன்ர பெட்டைக்கு யூனிவர்சிற்றி கிடைச்சதெண்டு அம்மா நல்லூரில அருச்சனை செய்தவ, சொல்லச் சொன்னவ.

எழுத வந்தது சோலார் கதை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை கரண்ட் உப நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு முழு இலங்கைக்கும் கரண்ட் போச்சுதெல்லோ. எங்கட கூரையில 5 கிலோவாட் கிடக்கு, நல்ல வெயில், ஆனா வீட்டில ஃபானும் இல்லை, கிணத்து மோட்டரும் இல்லை. லைனில கரண்ட் இல்லாட்டி, சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக்கி லைனோட சேக்கிற இந்த வகை இன்வேட்டர் தானா நிண்டிடுமாம், கம்பத்தில ஏறி வேலை செய்யிறவனுக்கு அடிக்கக்கூடாது எண்டு. அது சரியான ஏற்பாடுதான், ஆனா பூட்ட வந்தவை ஒரு சொல்லுச் சொல்லேல்லையடா. அம்மா குளிக்க பழைய கப்பியில கயிறு போட்டு வாளி வாளியா அள்ளினன், உள்ளங்கை எல்லாம் உரிஞ்சு போச்சு.

பேந்து சித்திரை வருசத்துக்கு, பின்னேரம் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிப்பாட்டச் சொல்லி மின்சார சபை ஆக்கள் கேட்டவை. லீவு நாளில ஃபக்டரி, கந்தோர் எல்லாம் பூட்டு, எடுக்க ஆளில்லாமல் கரண்ட் கூடினா லைன் குழம்பிடும். அது விளங்குது. ஆனா பொழுதுபட்டு எல்லா வீட்டிலயும் லைற் எரிய அதே நாடு எண்ணெய் எரிக்கப் போகுது, அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு. சுன்னாகத்தில எண்ணெய் எரிக்கிற பவர் ஸ்டேசன் பக்கம் கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்ததை நீயும் மறந்திருக்கமாட்டாய். எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ள ஓடுற தண்ணி மச்சான், ஒரு மூலையில ஊத்தினது எங்க போய் ஊறும் எண்டு ஆருக்குத் தெரியும்?

கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில சைக்கிளைக் கவிட்டுப்போட்டு நீ பெடலைச் சுத்த டைனமோவில ரேடியோ கேப்பமே, கை நோகுதெண்டு நீ நிப்பாட்ட செய்தி பாதியில நிக்கும், மாஸ்டர் பேசுவார். இப்ப நாடே அப்பிடித்தான் இருக்கு. 2030இல 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டினம், மத்தியானத்துக் கரண்டை ராவுக்குச் சேத்து வைக்க பற்றறி இல்லாமல் எப்பிடி வரும்? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியா 11 மில்லியன் டொலர் குடுத்த திட்டத்தில சோலார் 1700 கிலோவாட், காத்தாலை 530, அதோட பற்றறியும் இருக்கு. அதுதான் சரியான வழி. முதல்ல சீனக் கொம்பனிக்குக் குடுத்து, இந்தியா மறிச்சு, இழுபட்டதில வருசங்கள் போச்சு, ஜெனரேற்றருக்கு டீசல் கடல் தாண்டித்தானே போகவேணும், அந்தச் சனத்தை ஆர் யோசிச்சவை?

நீ அங்க கரண்ட் வேலைதானே செய்யிறாய். 5 கிலோவாட்டுக்கு எவ்வளவு பற்றறி வேணும், எங்கட வெக்கைக்கு எத்தினை வருசம் தாங்கும், லைன் போனாலும் வீட்டுக்கு எரியிற மாதிரி இன்வேட்டர் மாத்த என்ன முடியும், விசாரிச்சு எழுது. மாரி தொடங்க முதல் பூட்டவேணும், அம்மாவால வாளி தூக்கேலாது.

உன்ர,
மச்சான்